‘ஃப்ரீ’ மென்பொருளுக்கு எந்தத் தமிழ்ச் சொல்?

தன்னார்வலர்கள் கூடி ஒரு மென்பொருளின் இடைமுகத்தையும் உதவிப் பக்கங்களையும் தமிழாக்கும்போது முதலில் செய்யவேண்டிய வேலை சொற்பட்டியல் போடுவது. அப்படியொரு பட்டியலுக்காக நானும் நண்பர் ஒருவரும் அமர்ந்தபோது, கடினமானவை என்று நாங்கள் அஞ்சிய கலைச்சொற்கள் எல்லாம் ஓரளவு எளிதாகவே முடிந்துவிட்டன. ஆங்கிலம் பேசும் சிறு குழந்தைக்கும் தெரிந்த ‘ஃப்ரீ’ என்ற சொல்லில்தான் மாட்டிக்கொண்டோம். வன்வட்டில் எவ்வளவு இடம் ‘ஃப்ரீ’ என்று காட்டும் வரி ஒன்று, முப்பது நாள் ‘ஃப்ரீ டிரையல்’ என்று அழைக்கும் வரி ஒன்று, பிடித்துவைத்த நினைவகத்தை ‘ஃப்ரீ’ செய்யச் சொல்லும் கட்டளை ஒன்று, ஐயம் இருந்தால் ‘ஃபீல் ஃப்ரீ’ என்று தொடங்கும் உபசார வரி ஒன்று. இவை அனைத்துக்கும் மேலாக, அந்த மென்பொருள் ஒரு ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்று அறிவிக்கும் முதற்பக்கம்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தமிழில் தேர்வு என்ற சிக்கலே கிடையாது. வன்வட்டில் மிஞ்சியிருப்பது காலியிடம். சி என்னும் நிரல்மொழியில் பழகியவர்கள் அறிந்த நினைவகக் கட்டளைக்கு ‘விடுவி’ என்பது அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்தும். ‘ஃபீல் ஃப்ரீ’ என்பதைச் ‘சுதந்திரமாக உணருங்கள்’ என்று பெயர்த்த இணையத்தளங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே வேண்டியது ‘தயங்காமல்’ என்ற ஒரே சொல். சர்க்கரை இல்லாத பானம், தீர்வையற்ற கடை, தடையற்ற வணிக ஒப்பந்தம், இயற்பியல் பாடநூலின் கட்டுறா எலக்ட்ரான் ஆகிய அனைத்திலும் ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்திருக்க, தமிழோ எது இல்லை, எது தடுக்கவில்லை, எது பிணைக்கவில்லை என்பதைத் தனித்தனியே சொல்லிவிடுகிறது. ‘இன்று ஃப்ரீயா?’ என்று கேட்பவருக்குக் ‘கை ஒழியவில்லை’ என்று விடை சொன்ன தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. ஆகவே, இச்சொல்லுக்கு நேரான ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவது வீண்வேலை. நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது முதற்பக்கத்து வரிக்கான சொல்லை மட்டுமே. அந்த ஒன்றுக்கே ஆறேழு சொற்கள் போட்டியிட்டன.

போட்டியாளர்களை எடைபோடுவதற்கு முன்னர் இச்சொல்லின் குடும்பத்தைச் சற்றுப் பார்ப்பது பயன்தரும். இன்றைய ‘ஃப்ரீ’ பழைய ஆங்கிலத்தின் ‘ஃப்ரேயோ’ என்பதிலிருந்து வந்தது. ஜெர்மனின் ‘ஃப்ரை’ அதன் உடன்பிறப்பு. இதன் வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ‘அன்புக்குரிய’ என்ற பொருளுடையது. அந்த வேரின் பகரம் ஜெர்மானிய மொழிகளில் ஃபகரமாயிற்று. வடமொழியின் ‘பித்ரு’வும் ஆங்கிலத்தின் ‘ஃபாதர்’ என்ற சொல்லும் உறவாவது இந்த ஒலி மாற்றத்தால்தான். வடமொழியில் பகரம் மாறாமல் நிலைத்த வடிவம் ‘பிரிய’. நாம் கடன் வாங்கிப் ‘பிரியம்’ என்று அன்றாடம் புழங்குவது அதையே. ஆக, நம் வீட்டுப் பிரியமும் அவர்களுடைய ‘ஃப்ரீ’யும் ஒன்றுவிட்ட உறவுகள். ‘ஃப்ரெண்ட்’ என்ற சொல்லும் அதே வேரில் ‘அன்பு செலுத்துபவர்’ என்ற பொருளில் பிறந்தது. ‘ஃப்ரைடே’ என்பது ஃப்ரிக் என்னும் பெண்தெய்வத்தின் நாள். அப்பெயரும் இதே வேரினது. உரோமர்கள் வீனஸுக்கு அளித்திருந்த கிழமையை ஜெர்மானியர்கள் தங்கள் தெய்வத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். நாமும் அதே கோளின் பெயரால்தான் அந்த நாளை வெள்ளி என்கிறோம்.

அன்புக்குரியது எப்படி அடிமைப்படாததாயிற்று? குடும்பத்தில் இரத்த உறவுடையவர்கள் ஒருபுறமும் அடிமைகள் மறுபுறமும் இருந்த சமூகத்தில், ‘நம்மவர், அன்புக்குரியவர்’ என்ற சொல் ‘அடிமையல்லாதவர்’ என்ற தகுதியைக் குறிக்கத் தொடங்கியது என்பது சொல்லாராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம். இலத்தீனிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு: ‘லீபெர்’ என்றால் அடிமையல்லாதவர், ‘லீபெரி’ என்றால் வீட்டுப் பிள்ளைகள். விலையின்றிக் கிடைப்பது என்ற பொருளோ ஆங்கிலத்தில் வெகுகாலம் கழித்து, 16ஆம் நூற்றாண்டளவில்தான் வந்து சேர்ந்தது. செலவிலிருந்து விடுபட்டது என்ற தொடர் சுருங்கிச் சுருங்கி, ‘விடுபட்டது’ என்ற ஒற்றைச் சொல்லே செலவின்மையையும் குறிக்கலாயிற்று. கடைசியாக வந்த இந்தப் பொருள்தான் இன்று மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

கணினி உலகில் இந்த மறைப்பு பெருந்தொல்லையாக முடிந்தது. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு என்னும் இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தை அறிவித்து, 1985இல் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கியபோது, அவர் மனத்தில் இருந்தது விலை அன்று. எந்த நோக்கத்துக்காகவும் நிரலை இயக்குவது, அதன் மூலத்தை, அதாவது நிரலாளர் எழுதிய வரிகளை, படித்து மாற்றிக்கொள்வது, படியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பது, மாற்றிய வடிவத்தையும் பிறருக்குக் கொடுப்பது ஆகிய நான்கும் பயனருக்கு உண்டு என்றால் அது ‘ஃப்ரீ’ மென்பொருள் என்பது அவர்களின் வரையறை. தாம் எழுதிய ஈமேக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியை ஸ்டால்மனே அக்காலத்தில் நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். விலை கொடுத்து வாங்கியவருக்கும் அந்த நான்கும் கிடைத்தன. ஆகவே அது ‘ஃப்ரீ’. மறுபக்கம், காசில்லாமல் பதிவிறக்கம் செய்யக் கிடைத்தாலும் மூல நிரலைக் காட்டாத செயலிகள் ‘ஃப்ரீ’ அல்ல. இந்த வேறுபாட்டை விளக்கப் ‘பேச்சுரிமையில் வரும் ஃப்ரீ என்று கொள்ளுங்கள், சும்மா கிடைக்கும் பீரில் வரும் ஃப்ரீ என்று கொள்ளாதீர்கள்’ என்று அவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நம்மூரில் பீருக்குப் பதில் தண்ணீர்ப் பந்தல் நீர்மோரைச் சொல்லலாம். பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த விளக்கமே தேவைப்படவில்லை. அவர்களிடம் விடுபாட்டைச் சொல்லும் ‘லிப்ர’ வேறு, விலையின்மையைச் சொல்லும் ‘கிராத்துவி’ வேறு.

பிரெஞ்சைப் போலவே தமிழிலும் விலைக்கும் விடுபாட்டுக்கும் வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. எனவே எங்கள் தேர்வில் முதலில் விழுந்தது ‘இலவச மென்பொருள்’. இதை நண்பர் முதலில் ஆதரித்தார், அதற்குக் காரணமும் இருந்தது: படிப்பவருக்கு உடனே விளங்கும், தேடுபொறியில் மக்கள் தட்டச்சு செய்வதும் இதைத்தான். ஆனால், விளங்குவது தவறான பொருளாக இருக்கும்போது உடனே விளங்குவதால் என்ன பயன்? தமிழ்நாட்டில் இச்சொல்லுக்கு அரசியல் நிறமும் ஏறியிருக்கிறது. 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011இல் ஆட்சி மாறியபின் அரசுத் திட்டங்களின் பெயர்களிலிருந்து ‘இலவச’ நீங்கி ‘விலையில்லா’ அமர்ந்தது. விலையில்லா மடிக்கணினி என்றே மாணவர்கள் கைக்கு அது வந்து சேர்ந்தது. 2021இல் மகளிருக்கு வந்தது ‘கட்டணமில்லா’ப் பேருந்துப் பயணம். வாங்குபவரின் மதிப்பைக் குறைக்காத சொல் எது என்று அரசுகளே தேடியதன் தடம் இது. ‘இலவசம்’ என்றால் தரம் குறைந்தது, பிறர் தயவில் பெறுவது என்ற நிழல் விழுவதை அவர்களும் உணர்ந்திருக்கவேண்டும். சட்ட மொழியில் மட்டும் அச்சொல் நிமிர்ந்து நிற்கிறது: 2009ஆம் ஆண்டுச் சட்டம் தருவது ‘இலவச, கட்டாயக் கல்வி’ உரிமையை. ஆங்கிலத்தில் அத்தொடரை ஒருவர் வேண்டுமென்றே பிறழப் படித்தால் ‘சுதந்திரமான, கட்டாயமான கல்வி’ என்று முரண்படக்கூடும். தமிழில் அந்த முரணுக்கு இடமே இல்லை. இலங்கையில் 1945 முதல் நடப்பிலிருக்கும் இலவசக் கல்வியும் அப்படியே ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. ஆகவே, ‘இலவச’ என்பதை நாங்கள் தள்ளவில்லை. அதற்குரிய இடத்தில், அதாவது முப்பது நாள் சோதனைப் பதிப்பில், உட்கார வைத்தோம். அங்கும் ‘விலையில்லா’ வேண்டாம் என்று நான் வாதிட்டேன், அது விலைமதிப்பில்லாத என்ற பொருளோடு உரசிக்கொண்டே இருக்கிறது.

கடன் சொல்லாகவே ‘ஃப்ரீ மென்பொருள்’ என்று விட்டுவிடலாமே என்பது அடுத்த யோசனை. இது நேர்மையான யோசனைதான். பஸ்ஸும் போனும் நம் சொற்களாகிவிட்ட பிறகு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. தமிழர்கள் பேச்சில் ஆங்கிலத்திலிருந்து இந்தச் சொல்லை எடுத்தபோது அதன் எல்லாப் பொருள்களையும் எடுக்கவில்லை. ‘ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ’ என்ற துணிக்கடைப் பொருளையும், ‘சாயங்காலம் ஃப்ரீயா’ என்ற ஓய்வுப் பொருளையும், போனால் போகட்டும் என்று ‘ஃப்ரீயா விடு’ என்பதையும் எடுத்தார்கள். அடிமைப்படாமை என்ற பொருள் கடலைத் தாண்டி வரவே இல்லை. அதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொற்கள் இருந்தன. கடன் சொல்லை வைத்தால் இலவசத்தையே இன்னொரு சட்டை மாட்டி உள்ளே விடுவதாகும்.

ஆங்கிலமே கண்டுபிடித்த மாற்றுவழியான ‘ஓப்பன் சோர்ஸ்’ என்பதற்குப் போய்விடலாமா? 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூல நிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. அதையடுத்து பிப்ரவரித் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கூடிய சிலரிடம் கிறிஸ்டின் பீட்டர்சன் முன்வைத்த தொடர் அது. வணிகர்கள் ‘ஃப்ரீ’ என்றதும் காசில்லாதது என்று புரிந்துகொண்டு ஒதுங்கினார்கள் என்பது அந்தப் புதுப் பெயருக்கான காரணங்களுள் ஒன்று. ஸ்டால்மன் இதை ஏற்கவில்லை. மூலம் திறந்திருப்பது நிரல் எழுதும் முறையைச் சொல்கிறதே தவிரப் பயனரின் சுதந்திரத்தைச் சொல்லவில்லை என்பது அவர் மறுப்பு. தமிழாக்குபவருக்கு இதில் ஒரு கூடுதல் கேள்வி உண்டு. விலையோடு குழம்பும் நோய் ஆங்கிலச் சொல்லுக்கு இருந்தது, அதற்கு மருந்தாக ஒரு பெயர் வந்தது. அந்த நோய் இல்லாத மொழி அந்த மருந்தை ஏன் விழுங்கவேண்டும்? மேலும், ‘திறந்த மூலம்’ என்று எழுதும்போது நண்பர் சிரித்ததற்குக் காரணம் தமிழ்நாட்டுச் சுவரொட்டிகளைப் படித்து வளர்ந்த யாருக்கும் தெரியும். மூலம், பௌத்திரம் என்று அவற்றில் அடுக்கியிருக்கும் நோய்ப்பட்டியலில் அதுவே முதலாவது. ‘திறவூற்று’ என்று சிலர் அழகாக ஆக்கியிருக்கிறார்கள். அது ‘ஓப்பன் சோர்ஸ்’ வரும் இடத்துக்கு நல்ல சொல்லாகலாம், ஆனால் வேறொரு கருத்தின் பெயரை இக்கருத்துக்குச் சூட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது.

எஞ்சியவை நான்கு: விடுதலை, தளையறு, சுதந்திர, கட்டற்ற. ‘விடுதலை’யை விரைவில் முடித்துவிடலாம். பொருளில் குறையொன்றுமில்லை, பாரதி சுதந்திரம் என்றும் விடுதலை என்றும் இரண்டையும் தயங்காமல் பாடியிருக்கிறார். ஆனால், விடுதலை என்பது ஒரு நிகழ்வு. கட்டுண்டு இருந்தது விடுபட்ட கணத்தை அது சொல்கிறது. சிறையிலிருந்து வருபவருக்கும் நாட்டுக்கும் அது பொருந்துவது அதனால்தான். தொடக்கத்திலிருந்தே யாரும் பூட்டாத ஒரு நிரலை ‘விடுதலை மென்பொருள்’ என்றால், முன்பு அதை யார் சிறைவைத்தார்கள் என்ற கேள்வி எழுகிறது. ஈழத்தில் இச்சொல் தாங்கிநிற்கும் சுமையையும் எண்ணினால், ஒரு பொத்தானின் மேல் அதை ஒட்டுவது பொருத்தமாகப் படவில்லை.

‘தளையறு மென்பொருள்’ என்பதைச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இச்சொல் மேல் ஒரு சாய்வு உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. தளை என்பது காலில் பூட்டும் விலங்கு. உரிமங்கள் பயனர் மேல் பூட்டுவதும் அதுவே. ஆனால், யாப்புப் படித்தவர்களுக்குத் தளை என்றால் சீரோடு சீர் பொருந்தும் பிணைப்பு. வெண்பாவில் அது பிசகினால் ‘தளை தட்டுகிறது’ என்று ஆசிரியர் குறிப்பெழுதுவார். அந்தக் காதுக்குத் தளையற்ற ஒன்று குறையுடைய ஒன்று. தளையைத் துறந்த கவிதைக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் ‘ஃப்ரீ’ என்றும் ‘லிப்ர’ என்றும் பெருமையோடு பெயர் வைக்க, நாம் அதை வசன கவிதை என்றும் புதுக்கவிதை என்றும்தான் அழைத்தோம். தளையின்மையைக் கொண்டு அதற்குப் பெயரிடவில்லை என்பதைக் கவனிக்கலாம். யாப்பை அறியாதவர்களுக்கோ இச்சொல் அகராதி பார்க்கவேண்டிய சொல். இரு தரப்புக்கும் ஒவ்வாத சொல்லைச் சாய்வுக்காக வைத்துக்கொள்ள முடியாது என்று, வருத்தத்தோடுதான், அடித்தேன்.

உண்மையான போட்டி ‘சுதந்திர’ என்பதற்கும் ‘கட்டற்ற’ என்பதற்கும் இடையில்தான். ‘சுதந்திரம்’ என்பதன் பெரிய வலிமை அதன் குடும்பம். சுதந்திரம் என்ற பெயர், சுதந்திர என்ற பெயரடை, சுதந்திரமாக என்ற வினையடை, மூன்றும் கைவசம் தயாராக இருக்கின்றன. ‘ஸ்வ’ என்றால் தன். ‘தந்திரம்’ என்றால் நெறி, முறைமை. தன் நெறிப்படி ஒழுகுவது என்பது அதன் உட்பொருள். அதே தந்திரம் தமிழில் தனித்து நின்றால் சூழ்ச்சியாகிவிடுவது வேறு கதை. குனு மென்பொருள்களுக்காக ஸ்டால்மன் வகுத்த குனு பொதுமக்கள் உரிமத்தின் முன்னுரையில் ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்று தாங்கள் சொல்லும்போது ‘ஃப்ரீடம்’ என்பதையே குறிப்பதாகவும், விலையை அல்ல என்றும் அது சொல்கிறது. அந்த வாக்கியத்தின் உயிர் ‘ஃப்ரீ’க்கும் ‘ஃப்ரீடம்’ என்பதற்கும் உள்ள உறவில் இருக்கிறது. ‘சுதந்திர மென்பொருள் என்பதால் சுதந்திரத்தையே குறிக்கிறோம்’ என்றால் அந்த உறவு அப்படியே கிடைக்கிறது. ‘கட்டற்ற மென்பொருள் என்பதால் சுதந்திரத்தையே குறிக்கிறோம்’ என்றால் இரண்டு சொற்களுக்கு இடையே ஒரு பாலம் போடவேண்டியிருக்கிறது. கட்டற்ற என்பதிலிருந்து ஒரு பெயர்ச்சொல் ஆக்க முயன்றால் ‘கட்டின்மை’ என்றோ ‘கட்டற்ற தன்மை’ என்றோ வருகிறது. முன்னது யாரும் வழங்காதது, பின்னது இழுத்துப் பேசுவது. மலையாளிகள் இந்தக் கணக்கைச் சுதந்திரத்தின் பக்கம் முடித்துவிட்டார்கள்: கணினியில் மலையாளத்தை வளர்க்கும் தன்னார்வலர் அமைப்பின் பெயரே ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’. இலங்கையிலும் கட்டுநாயக்காவில் இருப்பது ‘சுதந்திர வர்த்தக வலயம்’ என்றே வழங்குகிறது. தமிழ்நாட்டு நாளிதழ்களோ வணிகத்தில் ‘தடையற்ற’ என்பதையே விரும்புகின்றன.

‘சுதந்திரம்’ என்பதன் குறை அது பெயரடையாகும் இடத்தில் வெளிப்படுகிறது. சுதந்திர நாடு என்றால் நாடு சுதந்திரமாக இருக்கிறது. சுதந்திர மென்பொருள் என்றால் மென்பொருள் சுதந்திரமாக இருக்கிறது என்றே தமிழ் இலக்கணம் படிக்கச் சொல்கிறது. ஆனால் இங்கே சுதந்திரம் பயனருக்கு உரியது. மென்பொருள் தன் விருப்பப்படி நடந்தால் அதை நாம் வைரஸ் என்போம். ‘கட்டற்ற’ என்பது இந்தப் பொறியில் சிக்குவதில்லை. அற்ற என்ற ஈறு இருவிதமாக இயங்கவல்லது: கட்டப்படாத மென்பொருள் என்றும் கொள்ளலாம், யாரையும் கட்டாத, தன்னோடு கட்டு எதையும் கொண்டுவராத மென்பொருள் என்றும் கொள்ளலாம். தடையற்ற சாலை என்றால் சாலைக்குத் தடையில்லை என்பதல்ல பொருள், போகிறவருக்குத் தடையில்லை என்பதுதான். அதைப்போலவே, கட்டற்ற மென்பொருளில் கட்டில்லாதவர் பயனர். பெயர் சூட்டுவதற்கு இது ‘ஃப்ரீ’ என்ற ஆங்கிலத்தையே விஞ்சிய சொல் என்று நினைக்கிறேன்.

ஆனால் ‘கட்டற்ற’ என்பதற்கு எதிராக மூன்று வழக்குகள் உண்டு. ஒன்று, கட்டு என்பது தமிழில் கெட்ட சொல் மட்டும் அன்று. கட்டுப்பாடும் ஊர்க்கட்டும் ஒருபுறம் இருக்க, கட்டுக்கோப்பு, கட்டுடல் என்று பாராட்டும் வழக்குகளும் இருக்கின்றன. வன்முறையைக் ‘கட்டவிழ்த்துவிட்டார்கள்’ என்று செய்தித்தாள் எழுதும்போது கட்டு அற்றுப்போவது அஞ்சத்தக்கதாகிறது. இரண்டாவது, குனு பொதுமக்கள் உரிமத்தில் உண்மையிலேயே ஒரு கட்டு இருக்கிறது: மாற்றிய நிரலைப் பிறருக்குக் கொடுப்பவர் மூலத்தையும் அதே உரிமத்தின்கீழ் கொடுத்தாகவேண்டும். பெயருக்கு ஏறக்குறைய நேராகக் கட்டற்றவை எம்ஐடி, பிஎஸ்டி போன்ற உரிமங்கள். அவை பதிப்புரிமை அறிவிப்பு வாசகத்தைக் காக்கச் சொல்வதோடு பெரும்பாலும் நின்றுவிடும். இதற்கு நான் சொன்ன விடை, ஒருவர் இன்னொருவரைக் கட்டிப்போடக்கூடாது என்று போடும் கட்டு கட்டின் கணக்கில் வராது என்பது. நண்பருக்கு அது வழக்கறிஞர் வாதமாகப் பட்டது. அவர் கருத்திலும் நியாயம் இல்லாமலில்லை.

மூன்றாவது வழக்கை அவர்தான் கண்டுபிடித்தார், அது என்னைச் சற்று நேரம் வாயடைக்கச் செய்தது. தமிழில் பணமும் ‘கட்டு’வதுதான். ஃபீஸ் கட்டியாயிற்றா, மின்கட்டணம் கட்டவேண்டும், தவணை கட்டுகிறார் என்றெல்லாம் நாள்தோறும் பேசுகிறோம். ‘கட்டற்ற மென்பொருள்’ என்பதை முதன்முறை கேட்கும் ஒருவர் அதைக் ‘கட்டணமற்ற மென்பொருள்’ என்றே காதில் வாங்கக்கூடும்; இரண்டுக்கும் இடையே இருப்பது இரண்டு எழுத்து. எந்தக் குழப்பத்திலிருந்து தமிழ் நம்மைக் காப்பாற்றியது என்று நான் பெருமைப்பட்டேனோ, அதே குழப்பம் பின்வாசல் வழியாக வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தது. ஆங்கிலத்தில் அது பொருளால் வருவது, தமிழில் ஒலியால் வருவது, அவ்வளவே வேறுபாடு.

இருந்தும் ‘கட்டற்ற’ என்பதையே தேர்ந்தோம். காதில் விழும் குழப்பம் எழுத்தில் பார்த்த கணத்தில் கலைந்துவிடும்; இடைமுகம் என்பது பார்க்கப்படுவது. பெயர்ச்சொல்லாக்கிப் பார்த்தாலும் பணம் கட்டுவது அங்கே நிலைப்பதில்லை. கட்டு என்ற பெயருக்குத் தமிழில் கட்டணம் என்ற பொருள் கிடையாது. அதைவிட வலுவான காரணம், இச்சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது என்பது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பள்ளி மாணவர் ஒருவர் ஏதோ ஒரு கட்டுரையைத் தேடி அங்கே போகும்போதெல்லாம் அச்சொல் கண்ணில் படுகிறது. தமிழில் கணினி குறித்து எழுதும் தன்னார்வலர்களும் அதையே வழங்குகிறார்கள். நம் பங்குக்கு இன்னொரு சொல்லைப் புகுத்தினால், படிப்பவருக்கு ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் கிடைக்கும். அது சொல்வளம் அல்ல, அலைக்கழிப்பு.

ஆனால் ‘சுதந்திரம்’ முழுவதுமாகத் தோற்றுவிடவில்லை. இயக்குவது, மாற்றுவது, படியெடுத்துக் கொடுப்பது என்று பயனருக்கு உரிய அந்த நான்கையும் எப்படி அழைப்பது என்ற கேள்வி வந்தபோது, ‘நான்கு உரிமைகள்’ என்பது எனக்கு முதலில் கவர்ச்சியாக இருந்தது. உரிமம் தருவது உரிமை. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’யும் ‘ஃப்ரீடம்’ என்பதும் கைகோப்பதைப் போலத் தமிழில் இவ்விரண்டும் கைகோக்கும். ஆனால் உரிமை என்பது உடைமையையும் சேர்த்துச் சொல்லும் சொல். ‘உரிமையாளர்’ என்றால் யார் என்பது வீட்டு வாடகை கொடுப்பவர் எல்லாருக்கும் தெரியும். ஒரு நிறுவனம் தனக்கே உரியதாகப் பூட்டிவைக்கும் தனியுரிமை மென்பொருளுக்கு எதிராகப் பேசும் பக்கத்திலேயே நான்கு உரிமைகளை அறிவித்தால் எது யாருக்கு உரியது என்று வாசகர் திகைப்பார். எனவே மென்பொருளுக்குப் பெயர் ‘கட்டற்ற மென்பொருள்’, அது பயனருக்குத் தருவன ‘நான்கு சுதந்திரங்கள்’ என்று பிரித்து வைத்தோம். பெயரடைக்கு ஒரு சொல், பெயர்ச்சொல்லுக்கு ஒரு சொல் என்ற இந்த ஏற்பாடு வேர்ச்சொல் உறவைத் துறக்கிறது. பதிலுக்கு ஒவ்வொரு சொல்லும் தான் வலுவாக நிற்கும் இடத்தில் நிற்கிறது.

உரிமத்தின் முன்னுரை வாக்கியத்தை அதன்பிறகு இப்படி எழுதினோம்: ‘கட்டற்ற மென்பொருள் என்று நாங்கள் சொல்வது பயனரின் சுதந்திரத்தைக் குறித்தே, விலையைக் குறித்து அன்று.’ பின்பாதி தமிழுக்குத் தேவையா என்று நண்பர் கேட்டார். விலை என்று நினைக்காதவரிடம் போய் ‘விலை அன்று’ என்பது, கேட்காத கேள்விக்கு விடை சொல்வதாகாதா என்பது அவர் ஐயம். ‘கட்டு’ விவகாரத்தை அவரே கண்டுபிடித்திராவிட்டால் நானும் அதை நீக்கியிருப்பேன். பட்டியலில் அந்தப் பாதி இப்போது இருக்கிறது; எதிரே, மறுபார்வைக்கு உரியது என்று பென்சிலால் இட்ட ஒரு குறியும் இருக்கிறது.